போதகர் வீட்டில் தங்கிய கவிஞர்

(சபை ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றிய பாட்டைப் பாடாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார்கள். லெந்து நாட்களில் பாடுகிறோம், திருவிருந்துக்கு வரிசையில் போகும்போது பாடுகிறோம், சாவு வீட்டிலும் பாடுகிறோம். அதை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர், தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற நிச்சயத்தோடு தம் வாழ்வின் கடைசி இருபத்தேழு ஆண்டுகளையும் கழித்தார். ஆராதனைக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டார். ஜெபிக்கவும் தமக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். நம்மில் எத்தனையோ பேரைத் தேற்றிய பாட்டு அதை எழுதியவரைத் தேற்றவில்லை.

மனநோயோடு வாழ்கிறவர்களுக்குச் சபை என்ன செய்ய வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மருத்துவமனை வார்டுகளில் போதகர் பணி செய்துவரும் எனக்கு, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கூப்பரும் அவருடைய போதகரும்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

கூப்பர் 1731-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் படித்தார். 1763-இல் பிரபுக்கள் சபையில் ஒரு எழுத்தர் வேலைக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது, எல்லார் முன்னிலையிலும் நின்று தேர்வுக்கு உட்பட வேண்டும் என்ற பயத்திலேயே மனம் முறிந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செயிண்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் காட்டன் என்பவர் நடத்திய மனநல விடுதியில் ஒன்றரை ஆண்டு இருந்து தேறினார். அங்கேதான் அவருக்கு உயிருள்ள விசுவாசம் பிறந்தது. பிறகு ஆல்னி என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே போதகராக இருந்தவர் ஜான் நியூட்டன்; ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர், உலகம் முழுதும் பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். ஊர் ஜெபக் கூட்டங்களுக்காகச் சேர்ந்து பாட்டுகள் எழுதினார்கள்.

1773 தொடக்கத்தில் நோய் திரும்பி வந்தது. ஒரு கனவில், நீ அழிந்தாய் என்ற தீர்ப்பைக் கேட்டதாக நம்பினார். அந்த ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்தவர், தம் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் திரும்பிப் போக மறுத்தார். அவரைக் கவனித்துக்கொண்டிருந்த மேரி அன்வின் அம்மையாரும் உடன் வந்து தங்கினார். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. தேவன் தம்மையே பலியாகக் கேட்கிறார் என்ற எண்ணம் ஏறி, மறுபடியும் உயிரை விட முயன்றார். ஓராண்டு கடந்தும் அவர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. நியூட்டனும் அவர் மனைவியும் அவரைப் போகச் சொல்லவில்லை.

இதை ஊழியர்களாகிய நீங்கள் உங்கள் வீட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு அறுபது பவுண்டு அளவில் சம்பளம் வாங்கிய ஒரு சிற்றூர்ப் போதகர். சபை வேலை, வருகிறவர் போகிறவர், சொந்தக் குடும்பம். நடுவில் ஆராதனைக்கும் வராத, ஜெபத்திலும் சேராத, எந்த வாக்குத்தத்தம் சொன்னாலும் அது மற்றவர்களுக்கு, எனக்கு இல்லை என்று ஒரே பதிலைச் சொல்லும் நண்பர். நியூட்டன் வேதத்தில் தேர்ந்தவர், பிரசங்கத்தில் வல்லவர். ஆனாலும் அந்த ஓர் எண்ணத்தை அவரால் அசைக்க முடியவில்லை. இன்றைய மருத்துவர்கள் இதைக் கடுமையான மனச்சோர்வோடு வரும் மருட்சி என்பார்கள். மருட்சியை வாதம் செய்து வெல்ல முடியாது. நியூட்டன் அந்தச் சொல்லை அறிந்திருக்கவில்லை. ஆனாலும் வாதத்தில் தோற்றபின் செய்ய வேண்டியதைச் செய்தார். தோட்டத்தில் அவரோடு நடந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு இடம் வைத்தார். 1780-இல் லண்டனுக்கு மாற்றலாகிப் போனபிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1800-இல் கூப்பர் இறந்தபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவரும் நியூட்டன்தான்.

நியூட்டனின் கடுமையான போதனைதான் கூப்பரைப் பைத்தியமாக்கியது என்று பின்னால் சிலர் எழுதினார்கள். இதை நான் ஏற்கவில்லை. நியூட்டனைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கூப்பருக்கு நோய் வந்துவிட்டது. நோய் தன் பேச்சுக்குக் கிடைத்த சொற்களை எடுத்துக்கொள்ளும். விசுவாச வீட்டில் வளர்ந்தவரின் நோய் நரகத்தைப் பற்றிப் பேசும், அரசியல் வீட்டில் வளர்ந்தவரின் நோய் போலீசைப் பற்றிப் பேசும்.

கூப்பரின் மீதி வாழ்வு வீணாகவும் போகவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்த முயல்களை வளர்த்தார், தச்சு வேலை செய்தார், காய்கறி பயிரிட்டார். 1785-இல் வந்த 'தி டாஸ்க்' என்ற நெடுங்கவிதை அவரை இங்கிலாந்தின் பெரிய கவிஞராக்கியது. அடிமை வாணிபத்துக்கு எதிராக எழுதினார். நோய் போகவில்லை, நோயோடே இத்தனையும் செய்தார்.

நம் சபைகளுக்கு வருவோம். 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்குள் வராதவர்கள். ஞாயிறு காலையில் முந்நூறு பேர் உட்காரும் ஆலயத்தில் முப்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வீட்டார் மறைக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை ஐயரே என்று சொல்லி உங்களை வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குடும்பம் உங்களிடம் எதைக் கண்டு பயப்படுகிறது என்று யோசியுங்கள். பிரசங்க மேடையில் 'அவிசுவாசத்தால் வரும் கவலை' என்று ஒருமுறை சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்ட தாய் தன் மகனின் மனச்சிதைவை உங்களிடம் சொல்லத் துணிவாளா?

எலியாவின் கதையை நாம் அரைகுறையாகப் பிரசங்கிக்கிறோம். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது வரை ஆரவாரமாகச் சொல்கிறோம். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா சூரைச் செடியின் கீழ் படுத்து, சாவு வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பின்னால், பல நாள் நடை கழித்து. மனச்சோர்வில் கிடக்கிற ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வேதப் புத்தகத்தைத் திறக்கும் முன், சாப்பிட்டீர்களா, ராத்திரி தூக்கம் உண்டா என்று கேளுங்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதை மருத்துவரும் முதலில் கேட்பார்.

பிசாசு பிடித்தல் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். உங்கள் சபைகளின் விசுவாச அறிக்கைகள் வேறு வேறு. அந்த விவாதத்தை இங்கே தீர்க்க முயல மாட்டேன். எந்தக் கொள்கை உடையவரானாலும் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, பட்டினி போடக் கூடாது, கண்ணில் எதையும் ஊற்றக் கூடாது, பெண்களை மூடிய அறையில் வைத்து ஜெபிக்கக் கூடாது. கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்குள் கிடந்த மனிதனைச் சங்கிலியால் கட்டியவர்கள் ஊர்க்காரர்கள். இயேசு அவனிடம் பெயர் கேட்டார். குணமானபின் அவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார். அவனுக்கு வீடு திரும்பக் கிடைத்தது. அதையும் குணத்தின் பகுதியாகவே நான் வாசிக்கிறேன்.

சங்கிலி பழங்கதை இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அதைக் கேட்டு, அது தர்கா, நமக்கு என்ன என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை. ஜெப வீடு என்ற பெயரில் கூரைக்கடியில் மனிதர்களைக் கட்டிவைத்த இடங்கள் கிறிஸ்தவர்களிடமும் இருந்தன. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவில் தடை செய்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஓர் இடம் தெரிந்தும் பேசாமல் இருந்தால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஏர்வாடிக்குப் போனவர்களைப் பழிப்பதும் தவறு. மருத்துவமனை தொலைவில் இருந்தது, வெளியில் அவமானம் இருந்தது, தர்கா மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. இதே போன்ற யாத்திரைத் தலம் ஒன்று பெல்ஜியத்தில் கேல் என்ற ஊரில் உண்டு. மனநோயாளருக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று நம்பப்பட்ட புனித டிம்ப்னாவின் ஆலயத்துக்கு இடைக்காலத்திலிருந்தே நோயாளிகளைக் கூட்டிவந்தார்கள். ஆலயத்தில் இடம் போதாமல் போனபோது ஊர்க் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்தது. 1930-களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சிறு ஊரின் வீடுகளில் வாழ்ந்தார்கள், வயலிலும் சமையலறையிலும் வேலை செய்தார்கள். எண்ணிக்கை குறைந்தாலும், மருத்துவமனையின் மேற்பார்வையோடு அந்த வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே தேடலோடுதான் மக்கள் போனார்கள். போன இடத்தில் அவர்களைப் பெற்றுக்கொண்டது யார் என்பதில்தான் எல்லாம் மாறிப்போயிற்று.

மருந்தும் மன்றாட்டும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதைக் குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்கா காட்டியிருக்கிறது. அங்கே தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே நோயாளிகளை வளாகத்துக்குள் இருக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். ஏர்வாடியிலும் பின்னர் அதே வழியில் மருத்துவ வசதி வந்தது. ஒரு முஜாவர் செய்வதைப் போதகர் செய்ய முடியாதா?

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் அதிகச் சேதம் இங்கேதான் நடக்கிறது. சாட்சி நேரத்தில் ஒரு சகோதரன் எழுந்து, மாத்திரையை விட்டுவிட்டேன், கர்த்தர் சுகம் தந்தார் என்கிறான். எல்லாரும் கைதட்டுகிறோம். மனச்சிதைவுக்கோ இருதுருவ நோய்க்கோ தரும் மருந்தை நிறுத்தினால் பலருக்கு மறுநாளே எதுவும் நடக்காது. உடம்பு லேசாகிறது, தூக்கக் கலக்கம் போகிறது, உண்மையிலேயே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். நோய் திரும்புவது வாரங்கள் கழித்து, சில மாதங்கள் கழித்து. அப்போது அந்தக் கைதட்டலையும் இந்த வீழ்ச்சியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அவனுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பேசுவோம். தயவுசெய்து மேடையில் அந்தச் சாட்சிக்கு இடம் தராதீர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறேன், ஸ்தோத்திரம் என்று ஒருவர் சொன்னால் அதற்குக் கைதட்டுங்கள்.

உபவாசத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இருதுருவ நோய்க்குப் பலர் லித்தியம் சாப்பிடுகிறார்கள். தண்ணீரும் உப்பும் உடம்பில் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல், முற்றினால் உயிருக்கே ஆபத்து. மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் ஒருவர் தள்ளாடி விழுந்தால் அதை ஆவியின் செயல் என்று எண்ணி நீங்கள் சுற்றி நின்று பாடிக்கொண்டிருக்கக் கூடாது. அதே நோய் உள்ளவர்களுக்கு முழு இரவு ஜெபமும் ஆகாது. ஓர் இரவுத் தூக்கம் கெடுவதே சிலருக்கு மேனியா என்ற மிகைக் கிளர்ச்சி நிலையைக் கிளப்பிவிடும். இப்படிப்பட்டவரிடம், உங்களுக்காக நாங்கள் உபவாசம் இருக்கிறோம், நீங்கள் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் தூங்குங்கள் என்று சொல்வதுதான் போதகர் தரும் ஆசீர்வாதம்.

இன்னொருவரை நீங்கள் எல்லாரும் சந்தித்திருப்பீர்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனா ஐயரே என்று கேட்டு வருவார். இல்லை தம்பி என்று விளக்கி அனுப்புவீர்கள். நிம்மதியாகப் போவார். இரண்டு நாளில் திரும்பி வருவார். அன்று நான் முழுதும் சொல்லவில்லை, ஒரு கெட்ட வார்த்தை மனதில் வந்தது, அது மன்னிக்கப்படுமா? பலருக்கு இது ஓ.சி.டி. என்று நாம் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய், பக்தியின் உருவில் வருவது. ஒவ்வொரு முறையும் நாம் தரும் ஆறுதலே கை கழுவுகிறவருக்கு இன்னொரு சோப்பு தந்ததுபோல் நோயை வளர்க்கிறது. இவருக்கு நல்ல சிகிச்சை உண்டு. அன்போடு ஒருமுறை பதில் சொல்லுங்கள். அதே கேள்வி மறுபடி வரும்போது, இதைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டோம், இந்தப் பயத்தை டாக்டரிடம் சேர்ந்து கொண்டுபோவோம் என்று சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். ஓ.பி.யில் டோக்கன் வாங்கி அவரோடு பெஞ்சில் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் ஊழியம்தான்.

மருத்துவமனைக்குள் போதகரின் வேலை என்ன என்பதை ஒரு நோயாளிதான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்கரான ஆன்டன் பாய்சன் குருவானவர் பயிற்சி பெற்றவர். 1920-இல் அவருக்குக் கடுமையான மனநோய் வந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோ மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேல் இருந்தார். நோயாளிகளுக்குப் பிரசங்கிக்க வெளியிலிருந்து போதகர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், கண் இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கிப் போடு என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த சக நோயாளிகளில் யாராவது அதை அப்படியே செய்துவிடுவார்களோ என்று தாம் பயந்ததைப் பாய்சன் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். அந்தப் போதகர் கெட்டவர் அல்ல. தம் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை அறியாதவர்.

குணமாகி வெளியே வந்த பாய்சன் 1924-இல் வுஸ்டர் மருத்துவமனையின் போதகரானார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்தார். அவர்களை நேரே பிரசங்கிக்க அனுப்பவில்லை. வார்டு உதவியாளர்களாக வேலை செய்யவைத்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, உலாவக் கூட்டிப்போவது, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பது. துன்பப்படுகிற மனிதரே வாசிக்கப்பட வேண்டிய உயிருள்ள ஏடு, புத்தகத்துக்குத் தரும் அதே மரியாதையோடு அவரை வாசியுங்கள் என்பது அவருடைய போதனை. இன்று உலகெங்கும் மருத்துவமனைப் போதகர்களுக்குத் தரப்படும் பயிற்சிக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். பிற்பாடும் அவருக்கு நோய் திரும்பியது, ஒருமுறைக்கு மேல். தேறிவந்து பணியைத் தொடர்ந்தார். 1965-இல் இறந்தார்.

பாய்சனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, நோயாளிக்கும் ஒரு ஆன்மிக வாழ்க்கை உண்டு என்பதை. நாம் அவருக்காக ஜெபிக்கிறோம், அவரை நமக்காக ஜெபிக்கச் சொல்வதில்லை. மனச்சிதைவுள்ள ஒரு பெண் பல வருடமாகச் சபையில் இருப்பாள். வாசிப்புக்கு, காணிக்கை எடுக்க, ஞாயிறு பள்ளிக்கு உதவியாக அவள் பெயர் ஒருமுறைகூட வராது. திருவிருந்து தரலாமா என்று ஊழியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன தகுதி தேவை? குரல் கேட்கிறது என்று அவள் சொன்னால், அது தேவனா பிசாசா என்று உடனே தீர்ப்பளிக்காதீர்கள். அந்தக் குரல் என்ன சொல்கிறது, அதைக் கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால், அன்றைக்கே, உங்கள் வண்டியிலேயே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டதற்கு நன்றி சொல்கிறவர்களே அதிகம். அரசின் டெலி-மனாஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். அதை ஆலய அறிவிப்புப் பலகையில் ஆராதனை நேரங்களுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

குடும்பத்தையும் மறக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் தொடக்கம் முதலே நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்குகிறார்கள். வீட்டாருக்கு நோயைப் புரியவைக்காமல் நோயாளியைத் தேற்ற முடியாது என்று கண்டவர்கள் அவர்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பியபின் இரவில் தூங்காமல் காவல் இருக்கும் தாய்க்கு யார் இருக்கிறார்கள்? மாதத்தில் ஒரு நாள் மாலை, சபையிலிருந்து இரண்டு பெண்கள் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து, அவள் கடைக்கோ ஆலயத்துக்கோ போய்வர விட்டால், அதைவிடப் பெரிய விசாரிப்புக் கூட்டம் எதுவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவரைப் பார்க்கவும் போங்கள். காலில் ஆபரேஷன் ஆனவர் வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு போகிறோமே, அதே பையோடு போங்கள்.

கடைசியாக ஒன்று. தற்கொலையால் இறந்தவருக்கு ஆலயத்தில் ஆராதனை இல்லை, கல்லறைத் தோட்டத்தில் ஓரத்தில் ஒரு மூலை என்று நடந்துகொண்ட சபைகள் உண்டு; எங்கோ இன்னும் இருக்கின்றன. 2017-இன் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டமே இவ்வளவு இறங்கி வந்திருக்கும்போது சபை ஏன் பின்னால் நிற்க வேண்டும்? அந்த வீட்டுக்கு முதலில் போகிறவர் நீங்களாக இருங்கள். காரணம் கேட்காதீர்கள், எப்படி இறந்தார் என்று துருவாதீர்கள். மற்ற எந்த அடக்கத்துக்கும் அணியும் அங்கியை அணிந்து, அதே பாட்டுகளைப் பாடி, குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறதோ அங்கேயே அடக்கம் செய்யுங்கள். அந்த வீட்டார் அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வரத் தயங்குவார்கள். சனிக்கிழமை மாலையே போய், காலையில் சேர்ந்து போகலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.